உருகி எதைக் காக்கிறது?



பல ஆண்டுகளாகத் தவறாகச் சொல்லிக்கொடுத்த ஒன்றை, அதே வகுப்பறையில் நின்று திருத்திச் சொல்ல வேண்டிய நிலை எனக்கு ஏற்பட்டது. அதற்குக் காரணம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள். அறிவியல் போதிக்கும் ஆசிரியர்களுக்கும், வீட்டிலுள்ள பழைய வண்டியைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கப்போகும் பெற்றோர்களுக்கும் பயன்படலாம் என்பதால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது இருபது வயதைக் கடந்த ஒரு கப்சாய். ஜப்பானில் 1958இல் வெளிவந்த ‘சூப்பர் கப்’ வண்டியின் பெயரோடு, ‘சிறியது’ என்னும் பொருள்தரும் சீனச் சொல் சேர்ந்து உருவான பெயர் அது என்பார்கள். கூலாயிலிருந்து செனாய்ப் பக்கமுள்ள பள்ளிக்கு நாள்தோறும் அதில்தான் பயணம். பின்னிருக்கையில் என் மகள். நம் ஜொகூரில் காலை ஏழு மணிவரை இருட்டுதான். சாலை முழுவதும் லாரிகள்.

ஒருநாள் வளைவு விளக்கும் ஒலிப்பானும் திடீரென நின்றுபோயின. இயந்திரமோ வழக்கம்போல் ஓடியது, முன்விளக்கும் எரிந்தது. பெரிய கோளாறு இல்லையென்று இரண்டு நாள் அப்படியே ஓட்டினேன். பிரேக் விளக்கும் எரியவில்லை என்பதைப் பின்னால் வந்த ஒருவர் சமிக்ஞை விளக்கில் நின்றபோது சொன்ன பிறகே அறிந்தேன். என்னை நம்பிப் பின்னால் அமர்ந்திருந்த பிள்ளைக்கும் பின்வரும் லாரிக்கும் இடையில் இரண்டு நாளாக எந்த எச்சரிக்கையும் இல்லாமல் இருந்திருக்கிறது.

இதற்கு ஒரு காரணம் உண்டு. இவ்வகைப் பழைய வண்டிகள் பலவற்றில் முன்விளக்கும் தீப்பொறியும் இயந்திரத்தோடு சுழலும் காந்தச் சுருளிலிருந்து நேராக மின்சாரம் பெறுகின்றன. வளைவு விளக்கு, ஒலிப்பான், பிரேக் விளக்கு ஆகியவை மட்டும் பேட்டரியிலிருந்து, உருகியின் வழியாகப் பெறுகின்றன. ஆகவே, உருகி அறுந்தாலும் பேட்டரி செத்தாலும் உதைத்தால் வண்டி கிளம்பிவிடும். “வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது” என்ற எண்ணமே நம்மை ஏமாற்றிவிடும்.

உருகியைக் கழற்றிப் பார்த்தேன். சிறு கண்ணாடிக் குழாய். உள்ளே கம்பி அறுந்து, கண்ணாடி கறுத்திருந்தது. உறையில் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தது. 10 ஆம்பியர் உருகி ஒன்றை வாங்கிப் போட்டேன். இரண்டே நாளில் அதுவும் போனது. அடுத்த முறை கைக்குக் கிடைத்தது 20 ஆம்பியர் உருகி. அளவும் வடிவமும் ஒன்றுதான், கச்சிதமாகப் பொருந்தியது. ஒரு வாரம் அறுந்துபோகவே இல்லை. கோளாறைச் சரிசெய்துவிட்டதாக மகிழ்ந்தேன்.

எட்டாம் நாள் காலை, பள்ளிக்குச் செல்லும் வழியில் மகள் முதுகைத் தட்டினாள். “அப்பா, ஏதோ கருகுற வாசம் வருது.” நிறுத்திப் பார்த்தேன். முன்விளக்குக்குப் பின்னாலிருந்து மெல்லிய புகை. சாவியைத் திருப்பி அணைத்தேன்; புகை நின்றது. கம்பிக் கட்டின் நெகிழி உறை உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. அந்தக் கம்பிக் கட்டு வண்டியின் உடல்நெடுகப் பின்னால் செல்கிறது. கப்சாயின் பெட்ரோல் தொட்டி இருக்கைக்கு அடியில் இருக்கிறது. அந்த இருக்கையில் என் மகள்.

எங்கள் தாமானில் செம்பனை ஆலையொன்றில் மின்பணியாளராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். வண்டியைத் தள்ளிக்கொண்டு அவரிடம் போனேன். 20 ஆம்பியர் உருகியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “சார், பியூஸ் எதைக் காப்பாத்துது?” என்று கேட்டார்.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொல்லும் பதிலையே சொன்னேன்: “விளக்கு முதலிய மின்கருவிகளைக் காக்கிறது.”

அவர் சிரிக்கவில்லை. “இல்லீங்க சார். வயரைக் காப்பாத்துது. விளக்கு போனா ஒரு வெள்ளியில வேற வாங்கிக்கலாம். வயரு எரிஞ்சா வண்டியே எரிஞ்சிரும்.”

எண்ணிப் பார்த்தால் எவ்வளவு எளிய உண்மை! மின்னோட்டம் இருமடங்கானால் கம்பியில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். இது 1840களில் ஜூல் கண்ட விதி. 10 ஆம்பியர் உருகி 10 ஆம்பியரைத் தாங்கும். அதற்கு இருமடங்கு ஓடினால் சில வினாடிகளில் அறுந்துவிடும். என் வண்டியில் ஸ்டியரிங் திரும்பும் இடத்தில் ஒரு கம்பியின் உறை தேய்ந்து இரும்பில் உரசிக்கொண்டிருந்தது. கசிந்த மின்னோட்டம் 10க்கு மேல், 20க்குக் கீழ். 20 ஆம்பியர் உருகிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மெல்லிய கம்பிக்கோ அது தாங்க முடியாத சுமை. உருக வேண்டியது உருகவில்லை. உருகக் கூடாதது உருகியது.

அன்று அவரிடம் கற்றவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

1. உருகியின் அளவு உறையிலோ வண்டியின் கையேட்டிலோ இருக்கும். அதே அளவையே போட வேண்டும். தட்டை உருகி எனில் நிறமே அளவைச் சொல்லும்: சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20 ஆம்பியர். கண்ணாடி உருகி எனில் அதன் உலோக மூடியில் பொறித்திருக்கும்.

2. கணக்கு எளிது: வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். பிரேக் விளக்கு 18 வாட், வளைவு விளக்குகள் இரண்டும் சேர்ந்து 20 வாட். மொத்தம் 38 வாட். 12 வோல்ட்டில் இது ஏறத்தாழ 3.2 ஆம்பியர். ஒலிப்பானைச் சேர்த்தாலும் 10ஐ எட்டாது. மிகப் பழைய 6 வோல்ட் வண்டிகளில் அதே விளக்குகளுக்கு இருமடங்கு ஆம்பியர் வேண்டும். ஆகவே ஒரு வண்டியின் உருகியை இன்னொன்றுக்கு அளவாகக் கொள்ளக் கூடாது.

3. அறுந்த உருகியை உற்றுப் பாருங்கள். கண்ணாடி கறுத்தோ வெள்ளி பூசியதுபோலோ இருந்தால் எங்கோ குறுக்குச் சுற்று. பெருமின்னோட்டம் ஒரே நொடியில் பாய்ந்திருக்கிறது. கண்ணாடி தெளிவாக இருந்து கம்பி மட்டும் நடுவில் அறுந்திருந்தால் பெரும்பாலும் சற்றே மிகுந்த சுமை.

4. மிட்டாய்த் தாளைச் சுற்றுவதும் பெரிய உருகி போடுவதும் ஒன்றுதான். இரண்டும் உருகி இல்லாமையே.

தேய்ந்த கம்பியை மாற்றி, 10 ஆம்பியர் உருகியைப் போட்டோம். அது அறுபடவில்லை. ஆனால், சில நாளில் ஒலிப்பான் மறுபடியும் முனகியது. பேட்டரி பலவீனம். புதிய பேட்டரி வாங்கலாம் என்றேன். பெரியவர், “முதல்ல அளந்து பாருங்க சார், அப்புறம் வாங்கலாம்” என்று தம் மல்டிமீட்டரை என் கையில் கொடுத்தார்.

ஓய்வில் இருக்கும் நல்ல 12 வோல்ட் பேட்டரி 12.6க்கு மேல் காட்ட வேண்டும். என்னுடையது 12.1 காட்டியது. இயந்திரத்தை ஓட்டி விசையை முறுக்கினால் 13.5க்கும் 14.5க்கும் இடையில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் மின்னேற்றம் இல்லை. 15ஐத் தாண்டினால் சீராக்கி பழுது, பேட்டரி வெந்துவிடும். என் வண்டியில் 12.1 அசையவே இல்லை. ஆகவே குற்றவாளி பேட்டரி அன்று. புதியது வாங்கியிருந்தால் அதுவும் சில நாளில் செத்திருக்கும்.

அடுத்து, சுருளிலிருந்து சீராக்கிக்கு வரும் கம்பியைக் கழற்றி, மல்டிமீட்டரை மாறுதிசை மின்னோட்டத்துக்கு மாற்றி அளந்தோம். விசையை முறுக்க முறுக்க அளவு ஏறியது, சுருள் நலம். அப்படியானால் சீராக்கி போய்விட்டது என்று முடிவுகட்டினேன். பெரியவர் சீராக்கியைப் பிடித்திருந்த திருகாணியைக் காட்டினார். பூமிக்கம்பி அதில்தான் இணைந்திருந்தது. வடகிழக்குப் பருவமழையில் ஆண்டுக்கணக்கில் நனைந்து துருவேறிக் கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினோம். மீண்டும் அளந்தபோது 14.1. செலவு ஒரு துண்டு உப்புத்தாள்.

இரவில் மட்டும் பேட்டரி இறங்குமானால் வேறொரு சோதனை உண்டு. சாவியை அணைத்துவிட்டு, பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, இடையில் ஆம்பியர்மானியைச் சேர்த்துப் பாருங்கள். மின்னணுக் கருவிகள் இல்லாத பழைய வண்டியில் மின்னோட்டமே இருக்கலாகாது. இருந்தால் சீராக்கி பின்னோக்கிக் கசிகிறது, அல்லது யாரோ பொருத்திய கூடுதல் கருவி உறிஞ்சுகிறது.

மறுவாரம் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் மின்சாரப் பாடம். “சென்ற ஆண்டுவரை நான் தவறாகச் சொன்னேன்” என்று தொடங்கினேன். மூன்று 1.5 வோல்ட் மின்கலங்கள், ஒரு குமிழ் விளக்கு, உருகிக்குப் பதிலாகப் பாத்திரம் தேய்க்கும் எஃகுப் பஞ்சிலிருந்து எடுத்த ஒரே ஓர் இழை. வெறும் பீங்கான் ஓட்டின்மேல், என் கையால் மட்டுமே செய்தேன். (ஆசிரியர்கள் மீதிப் பஞ்சை வேறு அறையில் வைத்துவிடுங்கள், அது மின்கலத்தில் பட்டாலே தீப்பிடிக்கும்.) விளக்கின் இருமுனைகளையும் ஒரு கம்பியால் இணைத்ததும் இழை சிவந்து அறுந்தது. பிறகு பல இழைகளை முறுக்கிக் கட்டினேன். அறுபடவில்லை, இணைப்புக் கம்பி சூடேறத் தொடங்கியது. உடனே கழற்றினேன்.

முன்வரிசைச் சிறுமி ஒருத்தி சொன்னாள்: “அப்படின்னா பெரிய உருகி போட்டா அது உருகியே இல்லையே, சார்!”

பட்டறையில் எல்லாரும் ‘பியூஸ்’ என்கிறோம். நம் பாடநூல் ‘உருகி’ என்கிறது. உருகுவதால் அது உருகி. அதன் வேலை முழுவதும் அந்த மூன்றெழுத்துப் பெயரிலேயே இருந்திருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதியும் நான்தான் படிக்கவில்லை.

ஒன்று மட்டும் மனத்தை விட்டு அகலவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், தேர்வில் ஒரு மாணவன் ‘உருகி கம்பியைக் காக்கிறது’ என்று எழுதியிருந்தான். அவனுடைய தந்தை வயர்மேன். நான் சிவப்பு மையில் குறுக்குக் கோடு போட்டேன். அவன் கைதூக்கிக் கேட்டபோது, “புத்தகத்தில் இருப்பதை எழுது” என்று அமர்த்தினேன். அவனும் உட்கார்ந்துவிட்டான், அதன்பின் அறிவியல் பாடத்தில் அவன் கைதூக்கியதாக எனக்கு நினைவில்லை. அந்த மதிப்பெண்ணை இனி என்னால் திருப்பித் தர முடியாது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதினாறு வயதில் நம் பிள்ளைகள் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கலாம். பெரும்பாலும் அப்பாவின் பழைய வண்டிதான் அவர்களுக்குக் கிடைக்கும். சாவியைக் கொடுக்கும் முன் பிரேக்கை மிதிக்கச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள், விளக்கு எரிகிறதா? உருகியைக் கழற்றி அளவைப் படியுங்கள். அதே அளவில் மாற்று உருகிகள் இரண்டை இருக்கைக்கு அடியில் போட்டு வையுங்கள். அவையும் அறுந்தால் மூன்றாவதைத் தேடாதீர்கள். கோளாறைத் தேடுங்கள்.