காஞ்சிக்குத் தண்ணீர் வரும் வழி

காஞ்சிபுரம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவன பட்டும் கோபுரங்களுமே. ஆனால், அன்பு வாசகர்களே, இம்முறை அந்நகருக்குச் செல்லும்போது தெற்கே சற்று நடந்து, ஓரிக்கை அருகே பாலாற்று மணலில் நின்று பாருங்கள். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் இந்த ஆறுதான், மணலுக்கடியில் ஊறும் நீரால் நகரத்தின் தாகம் தீர்த்து வருகிறது. நெசவாளர் வீட்டுக் குடத்திலும் பள்ளிவாசல் ஹவுளிலும் நிறைவது இந்த ஆற்றின் கொடையே.

இந்த நீர் வரும் வழியைத் தேடி மேற்கே பயணப்படுவோம். தாமல், ஓச்சேரி, காவேரிப்பாக்கம் என ஊர்கள் கடந்து செல்கின்றன. வாலாஜாவைத் தாண்டினால் இராணிப்பேட்டை. அருகிலேயே மேல்விஷாரம். தோல் வணிகத்தில் ஈட்டிய செல்வத்தைக் கல்விக்கும் அறப்பணிக்கும் வாரி வழங்கிய நவாப் சி. அப்துல் ஹக்கீம் பிறந்த மண். இப்பகுதி முஸ்லிம்களின் வாழ்வும் வளமும் தோலோடு பிணைந்தவை. ஆகவே, இனிச் சொல்லப் போவது நம் வீட்டுச் செய்தியும் ஆகும்.

இராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற தொழிற்சாலை 1970களின் நடுவில் தோன்றி, 1990களின் நடுவில் மூடப்பட்டது. தோல் பதனிடுவதற்கான குரோமிய உப்பும் அங்கே தயாரானது. ஆலை நின்றது, இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு திறந்த வெளியில் மேடாக நின்றுவிட்டது. தாதுவை வறுத்துக் குரோமியத்தைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய சக்கையில் 'ஆறு இணைதிறன் குரோமியம்' தங்கியிருந்தது. அது நீரில் எளிதில் கரையும், நீரை மஞ்சளாக்கும், தோலைப் புண்ணாக்கும், அதன் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய்க்கும் வழிவகுக்கும். ஒவ்வொரு மழையும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நிலத்துக்குள் இறக்கியது. உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்கள் என 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட பட்டியலில், செர்னோபிலோடு இராணிப்பேட்டையும் இடம்பெற்றது.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. இரும்பு சல்பேட் போன்றவற்றைச் சேர்த்து, அந்த நஞ்சை எளிதில் கரையாத, தீங்கு குறைந்த மூன்று இணைதிறன் குரோமியமாக மாற்றலாம். கழிவை நீர் புகாத அடித்தளமிட்ட குழியில் வைத்து மூடலாம். நிலத்தடியின் மஞ்சள் நீரை இறைத்துச் சுத்திகரிக்கலாம். வழி தெரிந்தும் செலவு யாருடையது என்ற கேள்வியே பெரும் தடையாகிறது. தொழிற்சாலை இயங்கியது ஏறத்தாழ இருபது ஆண்டுகள். கழிவை அகற்றும் பேச்சோ அதைவிட நீண்டது. தாமதம் எதையும் மறைத்துவிடாது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்கு அருகே இத்தகைய ஆலை ஒன்று 1960களில் மூடப்பட்டது. அரை நூற்றாண்டுக்குப் பின், 2019இல், அங்குள்ள ஓடை ஒன்று குரோமியத்தால் பச்சையாக ஓடியது!

தோல் ஆலைகள் குறித்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28இல் உறுதி செய்தது. ஆயினும் 2015 ஜனவரி இறுதியில், இராணிப்பேட்டை பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, உறங்கிக் கொண்டிருந்த பத்துப் பேர் மாண்டனர். பெரும்பாலோர் பிழைப்புத் தேடி மேற்கு வங்கத்திலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்றின் நிலை குறித்துக் கடுமையான உத்தரவுகளைப் பிறப்பித்தது.

தோல் தொழில் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். பல்லாயிரம் குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிகிறது. அவர்களுள் பெண்களும் ஏராளம். ஆனால் நீர்நிலையை அசுத்தப்படுத்துவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஒளுவுக்குத் தூய நீர் தேடும் நாம், அடுத்தவர் கிணற்றை மறக்கலாகுமா? ஈட்டும் பொருள் ஹலாலாக இருப்பது போல, விட்டுச் செல்லும் கழிவுக்கும் கணக்கு இருக்க வேண்டாமா? கணக்குக் கேட்கும் நாளில் ஆறும் சாட்சி சொல்லும் என்பதை ஆலை முதலாளியும் அதிகாரியும், அவர்களைத் தட்டிக் கேட்க வேண்டிய நாமும் நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்த முறை காஞ்சியில் பட்டு வாங்கிவிட்டுக் கடைக்காரர் நீட்டும் ஒரு குவளைத் தண்ணீரைப் பருகும்போது, அது வந்த வழியையும் எண்ணிப் பாருங்கள். அவ்வழி தூய்மை பெற அல்லாஹ் அருள் புரிவானாக! அதற்கு உழைக்கும் மனத்தையும் நமக்குத் தருவானாக!