கடைவரம்பிலிருந்து பார்த்த சினிமா

வட்டக்கோட்டையிலிருந்து உங்க டீச்சர் எழுதுகிறேன்.

நம் பழைய மாணவர் குழுவில் ஒருவன் கேட்டிருந்தான்: "டீச்சர், வெளிநாட்டில் டிஸ்டோபியா படம்னு எடுக்கிறாங்களே, நம்ம தமிழில் அப்படி ஒண்ணும் இல்லையா?" நல்ல கேள்வி. இரண்டு வரியில் பதில் சொல்ல முடியாது என்பதால் இங்கே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

அந்தச் சொல்லுக்கு, மனுஷன் வாழ முடியாதபடி கெட்டுப்போன உலகம் என்று பொருள். கதை பெரும்பாலும் எதிர்காலத்தில் நடக்கும். ஆனால் படம் எடுத்தவர்கள் பார்த்தது தங்கள் காலத்தைத்தான். ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த 'மெட்ரோபோலிஸ்' 1927-இல் வந்தது. அதில் மேலே மாளிகைகளில் பணக்காரர்கள், பூமிக்கு அடியில் இயந்திரத்தோடு மல்லுக்கட்டும் தொழிலாளர்கள். அதற்கு நாலு வருஷம் முன்னால்தான் அந்த நாட்டில் பணம் மதிப்பிழந்து, ஒரு ரொட்டி வாங்கக் கட்டுக்கட்டாக நோட்டு கொண்டுபோனார்கள். 2013-இல் கொரியாக்காரர் போங் ஜூன் ஹோ எடுத்தது 'ஸ்னோபியர்சர்'. உலகமே பனியில் உறைந்துவிட, மிச்சமிருக்கும் ஜனங்கள் ஓயாமல் ஓடும் ஒரு ரயிலில் இருக்கிறார்கள். முன்பெட்டியில் விருந்து. கடைசிப் பெட்டியில் பூச்சியை அரைத்துச் செய்த கட்டி.

கடைசிப் பெட்டி என்றதும் நமக்கு ஞாபகம் வருவது கடைவரம்பு. பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடிந்தது. நாஞ்சில் நாடு அந்தத் தண்ணீரில்தான் விளைந்தது. ஆனால் சானலில் மேலே இருப்பவன் வயல் நிறைந்த பிறகுதான் கடைவரம்புக்காரனுக்கு மிச்சம் வரும். சில வருஷம் அதுவும் வராது. ஆகவே ரயிலின் கடைசிப் பெட்டி எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

இனி தமிழுக்கு வருகிறேன். கோமல் சுவாமிநாதனின் நாடகத்தை கே. பாலசந்தர் 1981-இல் 'தண்ணீர் தண்ணீர்' என்று படமாக எடுத்தார். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பூமியில் அத்திப்பட்டி என்ற ஊர். குடிக்கத் தண்ணீர் இல்லை. ஜனங்கள் மனு கொடுக்கிறார்கள், தேர்தலைப் புறக்கணிக்கிறார்கள், கடைசியில் தாங்களே மண்வெட்டி எடுத்துக் கால்வாய் வெட்டப் போகிறார்கள். அனுமதி இல்லை என்று அரசாங்கம் தடுக்கிறது. ஒரு ரோபோவும் இல்லை, எதிர்காலமும் இல்லை. ஆனாலும் இதைவிட டிஸ்டோபியா எது? நாகர்கோவிலில் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்த நாங்கள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வாய் பேசாமல் விடுதிக்குத் திரும்பினோம்.

ஒன்றைக் கவனித்தீர்களா? அத்திப்பட்டி ஜனங்கள் தோற்றார்கள், ஆனால் பிரியவில்லை. தாகம் அவர்களை ஒரே இடத்தில் உட்கார வைத்தது.

அடுத்த வருஷமே, 1982 மார்ச்சில், நம் மாவட்டத்தில் வேறொரு கதை நடந்தது. மண்டைக்காடு கலவரம். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நீதிபதி வேணுகோபால் கமிஷன் விசாரித்தது. உங்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள். எனக்கு மறக்காமல் இருப்பது ஒரு சின்ன விஷயம். எங்கள் வீட்டுக்கு வழக்கமாக ஓலைக் கடவத்தில் மீன் கொண்டுவரும் அம்மா பல நாள் வரவில்லை. அவளுக்கு உள்ளூருக்குள் வரப் பயம். எங்களுக்குக் கடற்கரைக்குப் போகப் பயம். அவள் வீட்டில் அரிசி இல்லை. எங்கள் வீட்டில் மரச்சீனிக் கிழங்கு அவித்து வெறும் மிளகாய்ச் சம்மந்தியோடு தின்றோம். கரையில் சாளை அழுகிக் கிடந்தது என்று பிற்பாடு அவளே சொன்னாள். கடலில் மீன் குறையவில்லை, வயலில் நெல் குறையவில்லை. நடுவில் இருந்த வழிதான் அடைபட்டது. இரண்டு பக்கமும் பட்டினி.

இதையே சிரிக்கச் சிரிக்கச் சொன்ன படம் மடோன் அஸ்வினின் 'மண்டேலா'. 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால், ஏப்ரல் 4 அன்று டிவியில் போட்டார்கள். சூரங்குடியில் வடக்கூர், தெக்கூர் என்று ஜாதியால் இரண்டு பிரிவு. ஊருக்குப் பொதுக் கழிப்பறை கட்டிக் கொடுத்தால், முதலில் யார் போவது என்று சண்டைபோட்டு அதையே உடைக்கிறார்கள். கடைசியில் பெயர்கூட இல்லாத ஒரு முடிதிருத்தும் தொழிலாளியின் ஒற்றை ஓட்டில் ஊரின் தலையெழுத்து நிற்கிறது. யோகி பாபு அருமையாகச் செய்திருப்பார்.

அத்திப்பட்டியை மேலே இருந்தவர்கள் தடுத்தார்கள். சூரங்குடி தன்னைத் தானே தடுத்துக்கொண்டது. நான் அதிகம் பயப்படுவது இரண்டாவதற்குத்தான். வறுமையை நாலு பேர் சேர்ந்தால் தாங்கலாம், எதிர்த்துக் கேட்கலாம். சேர விடாமல் செய்துவிட்டால், கேட்க ஆளே கிடையாது. ரோடும் தண்ணீரும் வராதது பற்றி யாரும் பேச மாட்டார்கள்; எதிர்வீட்டுக்காரன் எந்தக் கட்சி, எந்தச் சாமி என்பதுதான் பேச்சாக இருக்கும்.

நம் வட்டக்கோட்டையை டிலனாய் கல்லால் பலப்படுத்தியது வெளியிலிருந்து வரும் எதிரிக்காக. உள்ளே முளைக்கும் பகைக்கு எந்தக் கோட்டையும் உதவாது.

இதை ஏன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால், போன தேர்தல் நேரத்தில் நம் குழுவை விட்டு ஏழு பேர் வெளியேறிவிட்டார்கள். ஒரே பெஞ்சில் இருந்து ஒரே டிபன் பாக்ஸில் தின்ற இரண்டு பேர், இன்று ஒருவன் மகள் கல்யாணத்துக்கு மற்றவன் போகவில்லை. பெயர் சொல்ல மாட்டேன். வாசிக்கும்போது அவர்களுக்கே தெரியும். ஓட்டு யாருக்கு வேண்டுமானாலும் போடுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் இன்று ராத்திரியே போனை எடுத்துப் பேசுங்கள் மக்களே. யார் முதலில் பேசுவது என்று பார்த்துக்கொண்டிருந்தால், அது சூரங்குடிக் கழிப்பறை கதைதான்.

லீவுக்குப் பிள்ளைகளோடு இந்த இரண்டு படத்தையும் பாருங்கள். பார்த்துவிட்டு அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். எழுத்துப்பிழைக்கு இப்போதும் மார்க் குறைப்பேன்!

அன்புடன்,
உங்கள் டீச்சர்