செத்த குச்சி என்று வாங்கின மரம்



ஊருக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. கடைக்குப் போனாலும், பள்ளிவாசலடியில் நின்றாலும், கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஒரே கேள்விதான்: "இன்னும் ரெண்டு வருஷம் லீவு கிடக்கே, ஏன் வந்தீங்க?" ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் சொல்லி எங்களுக்கே அலுத்துவிட்டது. இன்று ஒரு மரத்தைப் பற்றி எழுதுகிறோம். கேட்டவர்களுக்கும் இதில் கொஞ்சம் பதில் இருக்கலாம்.

நாங்கள் இருவரும் ஆசிரியர்கள் என்பது இங்கே அநேகமானோருக்குத் தெரியும். அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரியில் படித்தவர்கள். ஒருவர் தமிழ், ஒருவர் விஞ்ஞானம். 2022இல் பெற்றோல் வரிசை, காஸ் வரிசை, பால்மா வரிசை எல்லாவற்றிலும் நின்றோம். அரசாங்க ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு போகலாம் என்று அந்த வருடம் சுற்றுநிருபம் வந்தது. அடுத்த ஜனவரியில் லண்டன் ஹரோவில் இறங்கினோம். ஒருவருக்கு முதியோரைப் பராமரிக்கிற வேலை, மற்றவருக்குப் பொதி கட்டுகிற வேலை. வாடகை வீட்டின் கீழ்த்தட்டு. பின்னால் எட்டடிக்குப் பத்தடி, கல் பதித்த முற்றம். தோட்டம் என்றால் அதுதான்.

அந்தக் குளிர் முடிவதற்குள் ஒரு நாள், செடி விற்கிற கடையில் கழிவு விலை மூலையில் அதைக் கண்டோம். முழங்கால் உயரம். ஒரு இலை இல்லை. பூச்சாடியில் குத்தி வைத்த குச்சி. அட்டையில் கிங்கோ என்று இருந்தது. விஞ்ஞானம் படிப்பிக்கிறவர் அசையாமல் நின்றுவிட்டார். வித்துமூடியிலித் தாவரங்கள் பாடத்தில் சைக்கஸ், பைனஸ் என்று சொல்லி, கிங்கோவைப் பெயரளவில் தொட்டுவிட்டுப் போவோம். விசிறி மாதிரி இலையைக் கரும்பலகையில் கீறியிருக்கிறோமே தவிர கண்ணால் கண்டதில்லை. கிங்கோ இனத்துக்கு இன்று உலகத்தில் உறவென்று வேறு மரம் இல்லை. சொந்தமெல்லாம் புதைபடிவமாகிவிட்டன, இது ஒன்றுதான் மிச்சம்.

தமிழ் படிப்பிக்கிறவர் சொன்னது: "செத்த குச்சிக்கு யாராச்சும் காசு குடுப்பாங்களா?"

குடுத்தோம்.

அட்டையில் வகையின் பெயர் மரிக்கன். எங்களில் ஒருவர் அவசரத்தில் 'மரிக்கார்' என்று வாசித்துவிட்டார். மகளுக்கு அது பிடித்துப்போனது. அன்றிலிருந்து அது எங்கள் வீட்டில் மரிக்கார் நானா.

சாதாரண கிங்கோ இருபது, முப்பது மீற்றர் போகும். 1995இல் நெதர்லாந்தில் ஒரு பெரிய கிங்கோவின் கிளையில் குருவிக் கூடு மாதிரி நெருங்கி வளர்ந்திருந்த குச்சிக் கொத்திலிருந்து எடுத்து ஒட்டியதுதான் இந்தக் குட்டை வகை. அடிக்கட்டை சாதாரண கிங்கோ, மேலே ஒட்டியது குட்டை. எங்கள் கணக்கில் வருடத்துக்கு ஐந்தாறு சென்றிமீற்றர்தான் வளர்ந்தது. மகள் கதவு நிலையில் தன் உயரத்தைக் கோடு போட்டுவிட்டு, அடிமட்டத்தோடு மரிக்கார் நானாவிடம் ஓடுவாள். ஒவ்வொரு முறையும் அவளே வென்றாள்.

ஏப்ரலில் துளிர்த்தது. குச்சியில் சின்னச் சின்னக் குமிழ்கள், ஒவ்வொன்றிலிருந்தும் நாலைந்து பச்சை விசிறி. ஜூலையில் அதே இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. கிழக்கு மாகாணத்து ஆட்கள் நாங்கள், வெயில் என்றால் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றிப் பழகியவர்கள். மஞ்சளாக மஞ்சளாக இன்னும் ஊற்றினோம். பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், லண்டனுக்கு வந்து முப்பது வருடமாம். வேலிக்கு மேலால் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளையள், அது நெல்லில்லை. தண்ணியைக் குறையுங்கோ. அடியில ஓட்டை இருக்கோ எண்டு பாருங்கோ."

ஓட்டை இருந்தது, அடைத்துக் கிடந்தது. சாடியைச் சரித்து வேரைப் பார்த்தால் சேற்று மணம். பரல் கலந்த மண்ணுக்கு மாற்றி, சாடிக்குக் கீழே நாலு ஓட்டுத் துண்டு வைத்து உயர்த்தி, மேல்மண் ஒரு விரல் ஆழத்துக்குக் காய்ந்தால் மட்டும் தண்ணீர் என்று சட்டம் போட்டோம். 1945இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த இடத்துக்குக் கிட்ட நின்ற கிங்கோ மரங்கள் மறுபடி துளிர்த்திருக்கின்றன. அந்த இனத்து மரத்தை நாங்கள் வாளித் தண்ணீரால் முடிக்கப் பார்த்தோம்.

நவம்பரில் முழுமரமும் தங்க மஞ்சள். பிறகு ஒரே இரவுக் குளிரில் இலை முழுக்க ஒன்றாகக் கொட்டிவிட்டது. மற்ற மரங்கள் வாரக்கணக்கில் உதிர்க்கும், கிங்கோவுக்கு அந்தப் பொறுமை இல்லை. விடிய எழும்பி வந்த மகள் கேட்டாள்: "உம்மா, நானா மௌத்தாப் போயிட்டாரா?"

இரண்டாம் வருடம்தான் பெரிய சந்தோசம் வந்தது. அடியிலிருந்து ஒரு துளிர் கிளம்பி நேராக எழுந்தது. ஐந்தாறு கிழமைக்குள் ஒரு அடி. இலையும் பெரிசு. படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினோம், மாஷா அல்லாஹ் என்று பதில்கள் வந்தன. ஒரு நாள் குனிந்து பார்த்தபோதுதான் புரிந்தது, துளிர் ஒட்டு முடிச்சுக்குக் கீழே இருந்து வந்திருக்கிறது. மரிக்கார் நானாவுடையதே இல்லை, அடிக்கட்டையுடையது. விட்டால் மேலே உள்ள குட்டையை அமுக்கிவிட்டு அது பெரிய மரமாகப் பார்க்கும். வெட்டத்தான் வேண்டும் என்று வருடக்கணக்கில் ஒட்டுமாமரப் பாடம் நடத்தியவர்கள் நாங்கள். ஆனாலும் இரண்டு கிழமை வெட்டவில்லை. அவ்வளவு செழிப்பாக நின்றது. கடைசியில் மகள் பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து வெட்டினோம். அவள் வந்து ஒன்றும் சொல்லவில்லை. வெட்டிய துண்டை ஒரு கோப்பைத் தண்ணீரில் போட்டு யன்னலில் வைத்தாள். அது வேர் விடவில்லை.

அவளுக்கு அப்போது எட்டு வயது. எங்களோடு தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பாள்.

இந்த வருடம் ஏப்ரலில் ஊரில் உம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தா. இடுப்பு எலும்பு. சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ள சம்பளத்துக்கு ஒரு பிள்ளையை வைத்தோம். காலையில் ஹரோவில் யாரோ ஒருவருடைய தாயைக் குளிப்பாட்டி, தலை இழுத்து, சோறு ஊட்டுவது. இரவில் வட்ஸ்அப்பில் எங்கள் உம்மாவுக்கு வேறு யாரோ ஊட்டுவதைப் பார்ப்பது. இதை எத்தனை மாதம் செய்யலாம்? நாலு மாதம் செய்தோம்.

வருவதற்கு முன் ஒரு ஞாயிறு கியூ தோட்டத்துக்குப் போனோம். அங்கே 1762இல் நட்ட கிங்கோ ஒன்று இன்னும் நிற்கிறது. மகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். நானாவுக்கு வாப்பா மாதிரி என்றாள். அவள் அதைக் கொண்டுபோகலாமா என்று கேட்கவில்லை. எங்களுக்குள் பேசியது கேட்டிருக்கும். மண்ணோடு செடி கொண்டுவர முடியாது, அனுமதிப்பத்திரம், நோய்த்தடுப்புப் பரிசோதனை என்று எத்தனையோ உண்டு. அதையெல்லாம் தாண்டினாலும் அக்கரைப்பற்றில் அதற்குக் குளிர்காலத்தை எங்கே தேடுவது? குளிரில் உறங்கி எழும்பினால்தான் அது ஒழுங்காகத் துளிர்க்கும்.

யாழ்ப்பாணத்து அம்மாவிடம் கொடுத்தோம். தண்ணீர் அளவு, பிந்திவருகிற உறைபனியில் துளிர் கருகாமல் சாடியைச் சுவரோரம் இழுப்பது எல்லாம் எழுதிக் கொடுத்தோம். வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார். "தண்ணி குறையுங்கோ எண்டு எனக்கே எழுதித் தாறியள்!"

நேற்று படம் அனுப்பியிருந்தார். இங்கே மாரி கொட்டுகிறது, முற்றம் முழுக்க வெள்ளம். படத்தில் வெறும் குச்சி, சாடியைச் சுற்றி வட்டமாக மஞ்சள் இலை. உம்மாவின் கட்டிலில் இருந்துகொண்டு மகள் படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிக் காட்டுகிறாள். உம்மா இப்போது கைத்தடியோடு வாசல் வரை நடக்கிறா, அல்ஹம்துலில்லாஹ். படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டா: "இதையா மூணு வருஷமா வளத்தீங்க?"

நுவரெலியா, வெலிமடைப் பக்கம் யாராவது கிங்கோ வளர்த்திருந்தால், அந்தக் குளிர் அதற்குப் போதுமா என்று எங்களுக்குச் சொல்லுங்கள். மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.