கூட்டிப் பெருக்குதல்

ஆறாம் வகுப்பில் ஒரு வீட்டுக் கணக்கு: 6 + 4 × 5. அப்பா ஐம்பது என்றார். எழுதிக்கொண்டு போனேன். விடை இருபத்தாறு என்று சொல்லி என்னை பெஞ்சின் மேல் ஏற்றினார்கள்.

அப்பா ராசிபுரம் பக்கத்தில் மரவள்ளிக் கிழங்குத் தரகர் ஒருவரிடம் கணக்கு எழுதியவர். எட்டாவதோடு படிப்பு நின்றது. ஆனால் லோடு எடையையும், கிழங்கின் மாவுச்சத்துக்கு இத்தனை பாயிண்ட் என்று வைத்துப் போடும் விலையையும் பேசிக்கொண்டிருக்கும்போதே மனசுக்குள் பெருக்கி முடித்துவிடுவார். அவருக்குத் தப்பும் என்பது அன்றுவரை என் உலகத்தில் இல்லாத விஷயம்.

பள்ளியில் 'போட்மாஸ்' என்ற மந்திரத்தைக் கொடுத்தார்கள். அடைப்புக்குறி, 'இன்', வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல் என்று வரிசை. தமிழ் வழியில் படித்த எங்களுக்கு அந்த ஆறு ஆங்கில எழுத்துகளும் பொருளற்ற ஒலிதான். அதனாலேயே பயபக்தியோடு சொன்னோம். மந்திரமும் அவ்வளவு யோக்கியமானதல்ல. அதை எழுத்துப்படி நம்பி 10 − 4 + 3இல் கூட்டலை முதலில் செய்தால் 3 வரும். சரியான விடை 9. கூட்டலும் கழித்தலும் ஒரே தகுதி, இடமிருந்து வலமாகப் போக வேண்டும் என்பதை அந்த வார்த்தை மறைத்துவிடுகிறது.

சாயங்காலம் வெற்றியோடு வீட்டுக்கு வந்தேன். அப்பா நோட்டை வாங்கிப் பார்த்தார். "வாயில சொல்லு கண்ணு. கூட்டிப் பெருக்கச் சொல்றானா, பெருக்கிக் கூட்டச் சொல்றானா? எழுதினவன் அதைச் சொல்லலையே." திண்ணையைச் சுத்தம் செய்துகொண்டிருந்த அம்மா, "கூட்டித்தானே பெருக்கணும்" என்றாள், துடைப்பத்தோடு. நான் சிரிக்கவில்லை. "உங்களுக்குக் கணக்குத் தெரியாதுப்பா" என்றேன். அதற்குப் பிறகு அவர் என் கணக்கு நோட்டைத் தொடவில்லை.

இப்போது நாமக்கல்லில் வங்கி குமாஸ்தா. மேஜை மேல் கிடக்கும் சாதாரண கால்குலேட்டரில் அதே கணக்கை அதே வரிசையில் தட்டினால் ஐம்பது என்கிறது. பொறியியல் மாணவன் கொண்டுவரும் சயின்டிஃபிக் கால்குலேட்டர் இருபத்தாறு என்கிறது. எக்செல்லில் −2இன் இரண்டாம் அடுக்கை, அடைப்புக்குறி போடாமல் கேட்டால் 4, பாடப்புத்தகத்தில் −4. எண்கள் சண்டை போடவில்லை. எழுதுகிறவனுக்கும் படிக்கிறவனுக்கும் இடையில் உள்ள ஒப்பந்தம்தான் மாறுகிறது. அல்ஜீப்ராவில் அடைப்புக்குறிகளை மிச்சம் பிடிக்க வசதியாக இருக்கும் ஏற்பாடு அது; என் பள்ளியில் அதை இயற்கை நியதி போலச் சொல்லிவிட்டார்கள்.

ஒப்பந்தமே தேவைப்படாத எழுத்துமுறையும் உண்டு. போலந்து தர்க்கவியலாளர் லூக்கசேவிச் 1920களில் குறிகளை முன்னால் வைத்து அடைப்புக்குறிகளை ஒழித்தார். அதைத் திருப்பி, எண்கள் முதலில், செயல் கடைசியில் என்று வைத்துக்கொண்டு 1972இல் ஹெச்.பி. 35 என்ற கால்குலேட்டர் வந்தது. இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்டது வியப்பல்ல, வெட்கம். ஆறோடு நாலைக் கூட்டி அஞ்சால் பெருக்கு: தமிழ் வாக்கியமே அப்படித்தான் ஓடுகிறது. வினையெச்சம் வரிசையைச் சொல்லிவிடுகிறது, அடைப்புக்குறிக்கு வேலையில்லை. அப்பா கேட்டது அந்த எச்சத்தைத்தான்.

பெயர்களில் தமிழ் இவ்வளவு கறாரல்ல. 'பழைய புத்தகக் கடை' என்றால் பழையது புத்தகமா, கடையா? சேலத்தில் நான் போகும் கடைக்கு இரண்டுமே பொருந்தும் என்பது வேறு விஷயம். செய்யுளில் இந்தச் சிக்கல் பெரிது என்பதால்தான் இலக்கணக்காரர்கள் பொருள்கோள் என்று தனியாக வைத்தார்கள். தொல்காப்பியம் நான்கு சொல்கிறது, நன்னூல் எட்டு. ஆற்றுநீர் என்பது இடமிருந்து வலமாக, நிற்காமல் போவது. கொண்டுகூட்டு என்பது எங்கோ கிடக்கும் சொல்லை எடுத்துவந்து இன்னொன்றோடு சேர்ப்பது. எதை எதோடு முதலில் சேர்ப்பது என்ற கேள்விதான் இங்கேயும். புதுக்கவிதை புரியவில்லை என்று என்னிடம் குறைப்படும் நண்பர்கள் எல்லாவற்றையும் ஆற்றுநீராகவே வாசிக்கிறார்கள், என் மேஜை கால்குலேட்டரைப் போல. கவிஞர்களிலும் சிலர் ஒப்பந்தத்தைத் தங்கள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் குற்றத்தை வாசகன் தலையில் கட்ட நான் தயாரில்லை.

அப்பா வேலையை விட்ட கதையை அம்மா இன்றும் ஒரு குறையாகத்தான் சொல்கிறாள். பத்தாயிரம் ரூபாய்க் கிழங்கு, லாரி வாடகை ஆயிரம், தரகு நூற்றுக்கு இரண்டு. வாடகையைக் கழித்துவிட்டுத் தரகு போட்டால் நூற்றெண்பது. முழுத் தொகைக்கும் போட்டுவிட்டு வாடகையைக் கழித்தால் இருநூறு. குடியானவர்களிடம் பேசியது முதல் கணக்கு, தரகர் எழுதச் சொன்னது இரண்டாவது. லோடுக்கு இருபது ரூபாய். அப்பா எழுத மாட்டேன் என்றார். நான் அவருக்குக் கணக்குத் தெரியாது என்று சொன்னதற்கு அடுத்த வருஷம் இது நடந்தது. எனக்குத் தெரியவந்தது அவர் போன பிறகு.

அவருடைய நீள நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் 'வாடகை போக மீதிக்குத் தரகு' என்று எழுத்திலேயே எழுதியிருக்கிறார். நோட்டு முழுக்கத் தேடியும் ஒரு கூட்டல் குறியோ பெருக்கல் குறியோ கிடைக்கவில்லை.