மலைவீதியில் மூன்று நாட்கள்

மலைநாட்டைக் காண விரும்புவோர் பெரும்பாலும் இரயிலையே நாடுவர். அல்லது சாரதியோடு ஒரு வாகனத்தை வாடகைக்கு அமர்த்திக்கொள்வர். இரண்டும் சுகமான வழிகளே. குறைகூற நாம் வரவில்லை. ஆனால் இரயில் தான் நிற்க வேண்டிய இடத்தில் நிற்குமேயன்றி, நாம் நிற்க விரும்பும் இடத்தில் நில்லாது. வாடகைச் சாரதியோ, எந்த நீர்வீழ்ச்சிக்கு எத்தனை நிமிடம், எந்தத் தேநீர்க்கடைக்கு எத்தனை நிமிடம் என்பதைப் புறப்படுமுன்னரே தீர்மானித்து வைத்திருப்பார். ஏதோ ஒரு வளைவிலே, யாதொரு காரணமுமின்றி, வண்டியை ஓரமாக நிறுத்தி இறங்கி நிற்கும் உரிமை தாமே ஓட்டிச் செல்பவருக்குத்தான் உண்டு. அந்த உரிமையை விரும்பியே 2025 ஓகஸ்ட் விடுமுறையில் வவுனியாவிலிருந்து எமது பழைய காரிலே மலையேறினோம்.

நாமும் மனைவியும், பல்கலைக்கழகத்தில் கற்கும் மகன், பத்தாந் தரத்து மகள், எழுபத்து நான்கு வயதான மாமியார் என ஐவர். மகனிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தது. மகளிடம் கைத்தொலைபேசியும் அதனுள் வரைபடமும் இருந்தன. மாமியாரிடம் இருந்தது ஒரு தோட்டத்தின் பெயர் மட்டுமே. தலவாக்கலைப் பக்கத்திலுள்ள அத்தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். 1977 ஆம் ஆண்டு ஓகஸ்ட் கலவரத்தின் பின் எத்தனையோ குடும்பங்கள் மலையை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்தபோது தாமும் வந்தவர். பின்னர் நாற்பத்தெட்டு ஆண்டுகள் அப்பக்கம் போகவில்லை. “அங்க போயி என்னத்தப் பாக்குறது?” என்பதே அவருடைய வழக்கமான மறுமொழி. இம்முறை பேத்தி கேட்டபோது அந்த மறுமொழி வரவில்லை.

வவுனியாவிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்குச் செல்லும் வீதியிலே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் முணுமுணுத்தனர். வெயிலும் சமவெளியுந்தான். ஆயினும் கோப்பிக் காலத்திலே தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே தம்புள்ளையைக் கடந்து மாத்தளை வரை நாட்கணக்கில் நடந்தே போன திசை இதுதான். காய்ச்சலும் வாந்திபேதியும் நீரின்மையும் வழிநெடுகப் பலரைக் கொண்டுபோயின. மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலின் முன் வண்டியை நிறுத்திக் கற்பூரம் கொளுத்தினோம். “எங்க பாட்டனுக்குப் பாட்டன் இந்தப் பக்கமாத்தான் நடந்து வந்தாராம்” என்றார் மாமியார். அவர் வாயிலிருந்து இப்படியொரு வார்த்தையை எமது பிள்ளைகள் கேட்டது அன்றுதான்.

உண்மையான மலைவீதி பேராதனையிலே தொடங்குகிறது. கம்பளை, புசல்லாவை, இறம்பொடை, நுவரெலியா, வெலிமடை, பதுளை என ஏறி இறங்கி, கிழக்கே செங்கலடியில் சென்று முடியும் ஏ 5 வீதி அது. கம்பளை 14 ஆம் நூற்றாண்டிலே ஓர் இராசதானியாக விளங்கியது. அவ்வூரைக் கடந்ததும் வீதி நெளியத் தொடங்குகிறது. வண்டியோட்டுவோர் பேச்சைக் குறைத்துக்கொள்ள வேண்டிய இடமும் அதுவே.

நிற்க. இவ்வழியே தாமே ஓட்டிச் செல்ல எண்ணும் அன்பர்களுக்கு இரண்டொரு வார்த்தை. மலையேறுவதில் அபாயம் குறைவு, இறங்குவதிலேயே அதிகம். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரிலே இறங்குங்கள். இறக்கம் முழுவதும் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி, கருகல் நாற்றம் எழுந்து, வேண்டிய வேளையில் பிடிக்காமற் போகும். குருட்டு வளைவுகளில் ஒலியெழுப்பத் தயங்காதீர்கள். ஏறிவரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது மலைநாட்டின் பழைய மரியாதை. பனிமூட்டம் இறங்கினால் விளக்கைத் தாழ்த்திப் போடுங்கள். உயர்த்திப் போட்டால் வெண்திரையன்றி வேறொன்றும் தெரியாது. நித்திரை வந்தால் நிறுத்திவிடுங்கள். 2025 மே 11 ஆம் திகதி அதிகாலையில், கதிர்காமத்திலிருந்து குருணாகலை நோக்கிச் சென்ற பேருந்து ஒன்று இதே வீதியிலே, கொத்மலை கெரண்டியெல்லப் பகுதியில் பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் அதிகமானோர் மாண்டனர். அவ்விடத்தைக் கடந்தபோது மகன் தானாகவே வேகத்தைக் குறைத்தான்.

இறம்பொடை நீர்வீழ்ச்சி 109 மீற்றர் உயரம். ஓகஸ்ட் மாதமாதலின் நீருக்குக் குறைவில்லை. அதற்கு மேலே வளைவுக்கு மேல் வளைவாக வீதி ஏறுகிறது. முன்னாளில் இவ்வழியே வந்தோருக்குப் பூ விற்கும் சிறுவர்களை நினைவிருக்கும். இறங்கிவரும் வண்டியை நோக்கி ஒரு வளைவிலே மலர்க்கொத்தை நீட்டுவான். வாங்காமற் சென்றால், தேயிலைச் செடிகளுக்கிடையே குறுக்குப் பாதையாற் பாய்ந்திறங்கி, வண்டி அடுத்த வளைவுக்கு வருமுன் அங்கே நிற்பான். அதற்கடுத்த வளைவிலும் நிற்பான். பிரயாணிகள் பலர் அதை ஒரு வேடிக்கையாகவே கண்டு சிரித்தனர். எமக்கு அது வேடிக்கையாகத் தோன்றியதில்லை. பள்ளிக்கூடத்து வாங்கின் கீழ் இருக்க வேண்டிய கால்கள் அவை. இம்முறை எமக்குச் சிறுவர் எவரும் எதிர்ப்படவில்லை. நடுவயதினர் ஒருவரே பூ விற்றுக்கொண்டிருந்தார். “சின்ன வயதில் நீங்களும் ஓடியிருக்கிறீர்களா?” என்று கேட்டோம். “ஓடாமலா? இந்த வளைவு அத்தனையும் எனக்குக் காலாலேயே தெரியுங்க” என்று சிரித்தார். இப்போது முழங்கால் வலியாம். இரண்டு கொத்து வாங்கினோம்.

நுவரெலியாவைப் பற்றி எழுதாதவர் இல்லை. ஆகையால் நாம் எழுதப்போவதில்லை. 1,868 மீற்றர் உயரத்திலே அன்றிரவு நால்வர் நடுங்கினோம். மாமியார் ஒருவர்தாம் குளிரைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

மறுநாட் காலை சீத்தா எலியாவில் அம்மனை வணங்கி ஹக்கலைக்குச் சென்றோம். இன்று ரோசா மலர்களுக்காக எல்லோரும் செல்லும் ஹக்கலைப் பூங்கா, 1861 இல் காய்ச்சல் மருந்தாகிய கொயினா எடுக்கும் சிங்கோனா மரத்தை வளர்ப்பதற்கெனத் தொடங்கப்பட்டது. அதைத் தாண்டி வெலிமடைப் பக்கம் இறங்கும்போதுதான் இப்பிரயாணத்தின் பெரிய அதிசயத்தைக் கண்டோம். நுவரெலியாவில் மழை தூறிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் துடைக்கும் கைகள் ஓயவில்லை. சில மைல்கள் இறங்கியதும் தூறல் நின்றது, வானம் நீலமாயிற்று, உலர்ந்த காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. யாழ்ப்பாணத்திலே சோளகம் வீசும் அதே பருவம். தென்மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மலையின் மேற்குச் சரிவிலேயே தன் நீரையெல்லாம் கொட்டிவிட்டு, முதுகைத் தாண்டும்போது வறண்ட காற்றாக ஊவாவுக்குள் இறங்குகிறது. மழையில்லாத அக்காற்றினாற் செடி சற்று வாட, கொழுந்தில் ஒரு தனி மணம் ஏறுகிறது. ஊவாத் தேயிலைக்கு யூலை முதல் செப்டெம்பர் வரை உலகச் சந்தையில் மதிப்பு உயர்வதற்குக் காரணம் இதுவே. மேற்கே டிம்புளைப் பகுதிக்கோ சனவரி முதல் மார்ச் வரையுள்ள காலம் நல்ல பருவம். பூமிசாத்திரப் புத்தகத்தில் இதை மனப்பாடம் செய்து புள்ளி வாங்கிய மகள், வண்டியின் ஒரு பக்கத்தில் மேகத்தையும் மறுபக்கத்தில் வெயிலையும் கண்டு, “உண்மையாகவே இப்படித்தானா!” என்றாள்.

எல்லவில் சனக்கூட்டம். 1921 இல் முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைப் பிள்ளைகள் படம் பிடித்தனர். நாம் நிழலிலிருந்து கச்சான் கொறித்தோம். இரவு பண்டாரவளையில் தங்கி, மூன்றாம் நாள் விடியலில் மீண்டும் நுவரெலியாவுக்கு ஏறி, நானுஓயா வழியாகத் தலவாக்கலையை நோக்கி இறங்கினோம்.

கண்ணுக்கெட்டிய தூரம் வரை தேயிலை. வெட்டிச் சமன் செய்தாற்போன்ற பசுமை. இயற்கையின் எழில் என்று பலரும் எழுதுவர், எமக்கு உடன்பாடில்லை. இங்கிருந்த இயற்கை காடு. அதை வெட்டியதும், கல் பொறுக்கியதும், கானடித்ததும், செடி நட்டதும், கவ்வாத்து வெட்டி இடுப்பளவில் வைத்திருப்பதும் மனிதரின் கைகள். மட்டக்கம்பைச் செடியின்மேல் வைத்து அதற்கு மேல் நீண்ட கொழுந்தையே கிள்ளுவதால்தான் மலை விரிப்பைப்போலத் தோன்றுகிறது. அந்தக் கைகளுக்குரிய குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும், 2024 இல் 1,350 ரூபாவாகவும் ஆயிற்று.

நகரைக் கடந்ததும் புனித கிளயர் நீர்வீழ்ச்சி. 2012 இல் மேல் கொத்மலை மின்திட்டம் இயங்கத் தொடங்கியபின் அதன் பழைய பெருக்கு இல்லை. எதிரே ஒரு மலைச்சரிவை மகள் படம் எடுத்தாள்: பச்சை மலை, மேலே பனி, நடுவே மெல்லிய வெண்கோடு. “அழகாக இருக்கிறது” என்று எல்லோருக்கும் காட்டினாள்.

தோட்டத்துக்குத் திரும்பும் இடத்தில் வரைபடத்தின் குரல் குழம்பிப்போயிற்று. மாமியார் குழம்பவில்லை. “அந்தக் கோயிலுக்குக் கீழ்ப்பக்கமா விடு, தம்பி” என்றார். கல் பெயர்ந்த பாதையில் முதற் கியரிலே ஊர்ந்து கொழுந்து மடுவம் வரை சென்று வண்டியை விட்டோம். வீட்டுப் படியேற எமது கையைப் பிடிக்கும் மாமியார், அங்கே எமக்கு முன்னே ஏறிச் சென்றார். லயத்தின் முன் நின்று விரலை நீட்டி எண்ணினார். மூன்றாவது காம்பரா.

அதில் வசித்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். மலையிலிருந்து அப்போதுதான் வந்து இடுப்புப் படங்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார். “வாங்கம்மா. யாரு வீட்டுக்கு வந்தீங்க?” என்றார். மாமியார் சற்று நேரம் பேசவில்லை. “இந்த வீட்டுக்குத்தாம்மா” என்றார் பின்னர். அதற்குமேல் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. எமக்குப் பாய் விரிக்கப்பட்டது. சாயத்தண்ணியும் கையிற் சீனியும் வந்தன.

பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று நூல்களிற் படித்த அறை அது. நாம் ஐவரும் அமர்ந்ததும் நிறைந்துவிட்டது. மாமியார் அண்ணாந்து உத்தரத்தைப் பார்த்தார். தொட்டில் கட்டும் இரும்புக் கொக்கி இருந்தது. “எம் புள்ளைங்க மூணும் அதுலதான் தூங்கிச்சிங்க” என்றார் அப்பெண். “எங்கண்ணனும் அதுலதான்” என்றார் மாமியார்.

இப்படி ஓர் அண்ணன் இருந்ததை எமது பிள்ளைகள் அறியார். 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றோராக்கியது. அதற்கு முந்திய ஆண்டிலே தலவாக்கலைத் தொகுதியிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளையைத் தம் வாக்கினால் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள் அவர்கள். 1964 இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. ஒரே லயத்தில், ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள் வெவ்வேறு பட்டியலில் விழுந்தனர். அண்ணன் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, நீலகிரியிலே கூடலூரை அடைந்தார். தாயகம் திரும்பியோருக்கென 1968 இல் தொடங்கப்பட்ட அரச தேயிலைத் தோட்டத்திலே அவருக்கு வேலை கிடைத்தது. “அங்கயும் தேயிலைதான்” என்றார் மாமியார்.

“பிறகு நீங்கள் அவரைப் பார்க்கவேயில்லையா, அம்மம்மா?”

“கடுதாசி வரும். நாங்க வவுனியாவுக்கு வந்த பெறகு அதுவும் நின்னு போச்சு.”

மகள் தொலைபேசியை எடுத்து, காலையில் வீதியிலிருந்து பிடித்த படத்தை விரித்துப் பார்த்தாள். பின் வாசலுக்குச் சென்று எதிரே நீர்வீழ்ச்சியையும் கீழே நாம் வண்டி நிறுத்திய வளைவையும் பார்த்தாள். பச்சை மலையின் நடுவே தெரிந்த வெண்கோடு இந்த லயந்தான். திரும்பி வந்து அம்மம்மாவின் பக்கத்தில் அமர்ந்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

புறப்படுகையில் அப்பெண் ஒரு பை நிறையப் போஞ்சிக்காய் கொடுத்தார். தொலைபேசி இலக்கத்தையும் தந்தார். ஹற்றன், கினிகத்தேனை வழியாக இறங்கினோம். அவ்விறக்கத்தில் டெவன் நீர்வீழ்ச்சி உட்பட நிறுத்திப் பார்க்க வேண்டிய இடங்கள் பல. நாம் நிறுத்தவில்லை. மாமியார் பேசிக்கொண்டிருந்தார்; அதைத் தடுக்க மனம் வரவில்லை.

அவ்வாண்டு நவம்பர் இறுதியிலே டித்வா புயல் வந்தது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். நாம் சென்ற வீதிகள் பல இடங்களில் அறுந்தன. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை மாமியார் மறக்கவில்லை. அந்த இலக்கத்துக்கு மணிக்கொருமுறை அழைக்கச் சொன்னார். மூன்று நாட்கள் பதில் இல்லை. நான்காம் நாள் அப்பெண்ணின் குரல் கேட்டது. லயத்தின் பின்னே மண் வெடித்திருக்கிறதாம். எல்லோரும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்களாம். “உசுருக்கு ஒண்ணுமில்லம்மா. புள்ளைங்களோட கொப்பிங்கதான் எல்லாம் நனைஞ்சு போச்சு” என்றார்.

மகள் அன்று மாலையே கடைக்குச் சென்று கொப்பிகள் வாங்கினாள். எத்தனை பக்கத்துக் கொப்பி வேண்டும் என்று மறுபடி அழைத்துக் கேட்டவர் மாமியார்.