கதிரையும் கால்களும்

நீரிழிவு என்ற சொல் ஒரு வீட்டினுள் நுழைந்ததும் இரண்டு காரியங்கள் நிகழ்கின்றன. சீனிப் போத்தல் அலுமாரியின் மேல்தட்டுக்கு ஏறுகின்றது. வீட்டிலுள்ள முதியவர் கதிரையில் அமர்த்தப்படுகின்றார். முன்னது வைத்தியர் சொன்னது. பின்னதை எந்த வைத்தியரும் சொல்வதில்லை, அன்பு சொல்கின்றது. அந்த இரண்டாவது காரியத்தைப் பற்றியே இங்கு சில வார்த்தைகள் எழுத எண்ணுகின்றேன்.

என் தாயாரின் மூத்த சகோதரிக்கு இப்பொழுது 74 வயது. நீரிழிவு கண்டு 16 ஆண்டுகள் சென்றுவிட்டன. கிணற்றில் நீர் அள்ளி, முற்றம் கூட்டி, அம்மியில் அரைத்து, ஐந்து பிள்ளைகளை ஆளாக்கியவர். பெரியப்பா காலமானபின் மகளின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மகளும் மருமகனும் அவரைக் கண்ணும் கருத்துமாகப் பேணினர். அவர் ஒரு கோப்பையைக் கழுவ எழுந்தாலும், “நீங்கள் இருங்கோ அம்மா, நான் செய்யிறன்” என்ற குரல் வரும். தேநீர் கைக்கு வந்தது. உணவு மடிக்கு வந்தது. குளிசைகள் நேரம் தவறவில்லை. இரத்தப் பரிசோதனைத் துண்டு வரும்போதெல்லாம் வீட்டில் திருப்தி நிலவியது.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. ஒரு திருவிழாவன்று எல்லோரும் கோயிலுக்குப் புறப்பட்டபோது, “நிலத்திலை இருந்தால் எனக்கு எழும்ப ஏலாது, நீங்கள் போட்டு வாங்கோ” என்றார் பெரியம்மா. சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. கால்கள்தாம் கைவிட்டிருந்தன.

இது வியப்பன்று. உணவுக்குப்பின் இரத்தத்தில் சேரும் குளுக்கோசைப் பெருமளவில் ஏற்றுக்கொள்ளும் களஞ்சியம் நம் தசைகளே. அக்களஞ்சியத்தின் கதவைத் திறக்கும் சாவி இன்சுலின். தசை வேலை செய்யும்போதோ, இன்சுலினின் உதவியின்றியும் அக்கதவு திறக்கின்றது. வயது ஏறத் தசை குறைவது இயல்பு. நீரிழிவு உடையோரிடம் அக்குறைவு விரைவாக நிகழ்கின்றது. பாதத்து நரம்புகள் பழுதுற்றால், ஊன்றி நிற்கும் உறுதியும் தளர்கின்றது. இத்தகைய ஒருவரை மேலும் இருத்தி வைப்பது, சுருங்கும் களஞ்சியத்தை மேலும் சுருக்குவதாகும்.

இதனை மாற்றுதல் கூடுமா என்ற வினாவுக்கு ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்த பெரியதோர் ஆராய்ச்சி விடை தருகின்றது. ‘லுக் அஹெட்’ என்னும் அவ்வாராய்ச்சி 2001 ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. 45 முதல் 76 வயது வரையிலான, உடற்பருமன் மிக்க நீரிழிவு நோயாளர் 5,145 பேர் அதிற் பங்குபற்றினர். ஒரு சாராருக்குப் பொதுவான அறிவுரை மட்டும் வழங்கப்பட்டது. மறு சாரார் உணவைக் குறைத்து நிறையில் 7 சதவீதமேனும் இழக்கவும், வாரத்துக்கு 175 நிமிடம் நடை முதலிய உடலுழைப்பில் ஈடுபடவும் தொடர்ந்து வழிகாட்டப்பட்டனர்.

மாரடைப்பும் பக்கவாதமும் இதனாற் குறையவில்லை என்று கண்டு 2012 இல் அம்முயற்சி நிறுத்தப்பட்டது. பலர் இதனைத் தோல்வி என்றனர். ஆயினும் அதே ஆண்டில் வெளியான நான்காண்டுக் கணக்கு வேறொன்றையும் காட்டிற்று. நடத்தல், படியேறுதல், குனிதல் ஆகியவற்றைப் பற்றி அவர்களே கூறியதைக் கொண்டு பார்த்தபோது, நடமாடும் ஆற்றலை இழக்கும் அபாயம் இரண்டாம் சாராரிடம் 48 சதவீதம் குறைந்திருந்தது. தன் காலில் தான் நின்று வாழ்வதைச் சிறிய பேறு என்று எந்த முதியவர் சொல்வார்?

“வயது போய்விட்டது, இனி என்ன” என்பாருக்கும் ஒரு செய்தி உண்டு. நீரிழிவைக் கருதாது, முதுமையின் தளர்ச்சியையே கருதி அமெரிக்காவில் நிகழ்ந்த ஆராய்ச்சியொன்று 1990 இல் வெளியாயிற்று. பராமரிப்பு இல்லத்தில் வாழ்ந்த, ஏறக்குறைய 90 வயதான 10 பேர் 8 வாரங்கள் கால்களால் பாரம் தூக்கிப் பழகினர். பயிற்சியை முடித்த 9 பேரின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது.

பெரியம்மாவைப் பார்த்த வைத்தியர், கைகளை மார்போடு கட்டிக்கொண்டு கதிரையிலிருந்து ஐந்து முறை எழுந்து இருக்கச் சொன்னார். இதற்கு 15 வினாடிகளுக்கு மேற் செல்லுமாயின் கால் வலு குன்றியது என்பது கணிப்பு. பெரியம்மாவால் ஒரு முறையும் எழ முடியவில்லை. மேசையைப் பிடித்தபடி காலையிலும் மாலையிலும் பத்து முறை எழுந்து இருத்தல், ஒழுங்கையில் சிறு நடை, சோற்றைக் குறைத்துப் பருப்பும் பயறும் தயிரும் கூட்டுதல் என்பனவே அவர் விதித்தவை. அவற்றோடு மகள் இன்னொன்றும் செய்தார்: பூப்பறித்தல், கீரை ஆய்தல், முற்றம் கூட்டுதல் ஆகிய வேலைகளைத் தாயாரிடமே திருப்பிக் கொடுத்தார். ஏழு மாதங்களின்பின் பெரியம்மா கோயில் மண்டபத்தில் நிலத்தில் அமர்ந்து, முழங்காலில் ஒரு கையை ஊன்றித் தாமாகவே எழுந்தார். இரத்தப் பரிசோதனைத் துண்டில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

எச்சரிக்கையும் வேண்டும். இன்சுலினோ, சர்க்கரையை மிகத் தாழ்த்தக்கூடிய குளிசைகளோ பாவிப்போர் வைத்தியரைக் கேட்டே உழைப்பைக் கூட்டுதல் வேண்டும்; நடக்கும்போது சிறிது இனிப்பைக் கையில் வைத்திருத்தல் நன்று. உணர்ச்சி குன்றிய பாதத்தில் முள் தைத்தாலும் தெரியாது. ஆதலின் பாதணியின்றி நடத்தலாகாது. நாள்தோறும் உள்ளங்காலைப் பார்த்தல் அவசியம். நெஞ்சு வலி, கண்ணிற் குருதிக் கசிவு, சிறுநீரகப் பழுது உள்ளோருக்குப் பயிற்சியும் உணவும் வேறுபடும்.

மாணவர்களே, உங்கள் வீட்டுப் பாட்டனாரோ பாட்டியாரோ எழ முயலும்போது, ஓடிச் சென்று தூக்கிவிடாதீர்கள். அருகில் நில்லுங்கள், விழாமற் பார்த்துக்கொள்ளுங்கள், அவர் எழும்வரை பொறுத்திருங்கள். மாலையில் பத்து நிமிடம் அவரோடு உலாவுங்கள். பழைய கதைகள் பலவும் கேட்கலாம். முதியோருக்குப் பணிவிடை செய்தல் நம் கடன். அவர் தாமே செய்யக்கூடியதை அவரிடமே விட்டுவைத்தலும் அக்கடனின் ஒரு பகுதியே.