பதினோராவது கடிதம்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சமூக அக்கறையால் நான் இந்த வேலைக்குப் போகவில்லை. என்.எஸ்.எஸ்.ஸில் வருஷத்துக்கு 120 மணி நேரம் காட்ட வேண்டும். எனக்கு நிறைய பாக்கி இருந்தது. "பேப்பர் படிக்கிறதுதான்டா வேலை"ன்னு சீனியர் அண்ணா சொன்னார். உடனே பேர் கொடுத்துட்டேன்.

நாளிதழ்களிலும் யூடியூப் சேனல்களிலும் மனநலம் பற்றி வருவதையெல்லாம் நோட்டில் குறிக்க வேண்டும். தவறாக எழுதியிருந்தால் ஆசிரியருக்குக் கடிதம் போட வேண்டும். 'மனநோயாளி வெறிச்செயல்', 'மார்க் குறைந்ததால் மாணவி விபரீத முடிவு' ரகத் தலைப்புகளிலேயே நோட்டு நிறைந்தது. தற்கொலை நடந்த முறையை விவரிக்கக் கூடாது, தலைப்பில் பரபரப்பு கூடாது, படம் போடக் கூடாது என்று இந்திய பிரஸ் கவுன்சில் 2019-லேயே சொல்லியிருக்கிறது. சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது 2017 மனநலச் சட்டம். இதையெல்லாம் எடுத்துக்காட்டிப் பத்துக் கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

ஒரு ராத்திரி ரூமில் உட்கார்ந்து பத்திரிகைகளைத் திட்டிக்கொண்டிருந்தேன். ரூம்மேட் மெதுவாகக் கேட்டான்: "மச்சி, கிளாஸ் குரூப்ல 'கீழ்ப்பாக்கம் கேஸ்'னு ஒரு மீம் போட்டியே, ஞாபகம் இருக்கா? அன்னிக்குத்தான் என் மாத்திரைய பெட்டிக்கு அடியில ஒளிச்சு வெச்சேன். அடுத்த மாசம் டாக்டர்கிட்டயும் போகல."

எனக்குப் பேச்சே வரலை. கீழ்ப்பாக்கம் மருத்துவமனை 1794-ல் தொடங்கியது. எத்தனையோ பேரைக் குணமாக்கி வீட்டுக்கு அனுப்பிய இடம். நம் சினிமா காமெடி அதை ஒரு கிண்டல் வார்த்தையாக்கியது. நான் அதை ஃபார்வர்ட் செய்தேன். மீடியா என்று நான் விரல் நீட்டிய இடத்தில் என் போனும் இருந்தது.

மீமை அழிக்கப் பார்த்தேன். ரெண்டு மாசம் ஆகிவிட்டதால் 'எல்லாருக்கும் அழி' ஆப்ஷனே வரவில்லை. அதனால் பதினோராவது கடிதத்தை எங்க கிளாஸ் குரூப்புக்கே எழுதினேன். ரூம்மேட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் போட்டது தப்பு, மன்னிச்சிடுங்க, அவ்வளவுதான். சில பேர் கட்டைவிரல் போட்டார்கள். ஒருத்தன் சிரித்தான். ஆனால் அன்றிரவே ரெண்டு பேர் தனியாக மெசேஜ் பண்ணி, "யார்கிட்ட பேசலாம்?"னு கேட்டார்கள். 14416, டெலி மானஸ், 24 மணி நேரமும் இலவசம் என்று அனுப்பினேன்.

ரூம்மேட்டிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இப்போது அவன் மாத்திரை டேபிள் மேலேயே இருக்கு, என் கால்குலேட்டருக்குப் பக்கத்தில்.